ஒரு செமஸ்டர் வெளியே: ஜெர்மனியா, ஜப்பானா, சிங்கப்பூரா?

சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் எக்ஸ்சேஞ்ச் பற்றிக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் இந்த மூன்று நாடுகளில்தான் வந்து நிற்கிறது. மூன்றுக்கும் தனித்தனி ரசிகர் கூட்டம் உண்டு. நான் சிங்கப்பூர் கட்சி. ஏன் என்று கீழே.

அதற்கு முன் ஒரு விஷயம். கல்லூரி வரவேற்பறையில் வெளிநாட்டுப் பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி ஃபைல் மாற்றிக்கொள்கிற போட்டோ மாட்டியிருப்பார்கள். அது வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தமாகக்கூட இருக்கலாம், அதை நம்பி பாஸ்போர்ட் எடுக்காதீர்கள். மாணவர் பரிமாற்றத்துக்கென்று தனி ஒப்பந்தம் இருக்கிறதா, ஃபீஸை இங்கே கட்டினால் அங்கே கட்ட வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறதா, வருஷத்துக்கு எத்தனை இடம் என்று இன்டர்நேஷனல் ஆபீஸில் நேராகவே கேளுங்கள். உங்கள் கல்லூரி உங்களை நாமினேட் செய்த பிறகுதான் அந்தப் பல்கலைக்கழகம் விண்ணப்பத்தையே பார்க்கும். ஒப்பந்தம் இல்லாமல் போவதென்றால் முழு ஃபீஸும் உங்கள் தலையில்.

சரி, இப்போது காலண்டர். எல்லோரும் ரேங்கிங் பார்க்கிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. நம் ஊரில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை, ஆகஸ்டு வாக்கில் ஆரம்பித்து டிசம்பருக்குள் முடியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யூஎஸ்ஸில் முதல் செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் ஆரம்பத்தில் பரீட்சையோடு முடிகிறது, அச்சு அசலாக நம் கணக்கு. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் ஆரம்பித்து பிப்ரவரி வரை ஓடும், பரீட்சை அதற்கும் பிறகு. ஜப்பானிலும் இரண்டாவது செமஸ்டர் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கி பிப்ரவரி வாக்கில் முடியும், ஆக இந்த இரண்டு நாட்டுக்கும் போனவர் திரும்பி வரும்போது இங்கே இரட்டைப்படை செமஸ்டரில் முதல் இன்டர்னலே முடிந்திருக்கும். அட்டெண்டன்ஸ் பாதியில் தொங்கும். அப்படியானால் ஏப்ரல் செமஸ்டருக்குப் போகலாமே என்றால் அது இன்னும் மோசம், ஒரே பயணத்தில் இங்கே இரண்டு செமஸ்டரையும் கடிக்கும். ஏழாவது செமஸ்டரில் போக நினைப்பவர்கள் பிளேஸ்மென்ட்டை மறந்துவிட்டுத்தான் போக வேண்டும், கம்பெனிகள் வருவதே அப்போதுதான். எந்த நாடாக இருந்தாலும் ஐந்தாவது செமஸ்டர்தான் சரி.

பணத்தைப் பார்த்தால் ஜெர்மனி முதலில் பயமுறுத்தும். விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) போட்டுக் காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, நம் பணத்தில் சுமார் ஆறு லட்சம். வீட்டில் இதைச் சொன்னதும் "ஆறு லட்சம் ஃபீஸா?" என்று அலறுவார்கள். ஃபீஸ் இல்லை, உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உங்கள் பணமே மாதாமாதம் உங்களுக்குத் திரும்பி வருகிறது. செமஸ்டர் கட்டணம் சில நூறு யூரோவுக்குள் முடியும், ஹெல்த் இன்ஷூரன்ஸ் தனி. இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே ஐரோப்பிய யூனியனின் எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்றத் திட்டம் இருந்தால் அதிர்ஷ்டம், மாதம் 800 யூரோவுக்குக் குறையாமல் உதவித்தொகை கிடைக்கும். (எராஸ்மஸ் முண்டஸ் வேறு. அது முழு மாஸ்டர்ஸ் படிப்புக்கானது, இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) ஜெர்மனியில் உண்மையான தலைவலி அறை. மியூனிக் மாதிரி ஊரில் ஹாஸ்டல் கிடைக்காமல் அவதிப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். படிப்பிலும் ஒரு ஆபத்து உண்டு, பல பாடங்களில் கடைசிப் பரீட்சைதான் மொத்த மார்க், அதற்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தேதியை விட்டால் எழுத முடியாது. மார்க்‌ஷீட்டில் 1.0 தான் உச்சம், 4.0-ஐத் தாண்டினால் ஃபெயில். 1.3 வாங்கி வந்த மாணவரை இங்கே ஆபீஸில் பாவமாகப் பார்ப்பார்கள், அந்த அளவுகோலின் விளக்கத்தையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.

ஜப்பானில் பேப்பர் வேலையை அவர்களே ஒழுங்காகச் செய்து தருவார்கள். அங்கே தங்கிப் படிக்கலாம் என்கிற தகுதிச் சான்றிதழை அங்குள்ள பல்கலைக்கழகமே குடிவரவுத் துறையிடம் வாங்கி அனுப்பும், அதை வைத்து சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா. ஜப்பான் மாணவர் சேவை அமைப்பான ஜாஸ்ஸோ தரும் உதவித்தொகை மாதம் 80,000 யென், ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் அது எல்லோருக்கும் இல்லை, மூன்றுக்கு 2.30 என்கிற அளவில் மதிப்பெண் வேண்டும், அங்குள்ள பல்கலைக்கழகம் உங்களைப் பரிந்துரைக்கவும் வேண்டும். முதல் தவணை நீங்கள் இறங்கிய அன்றே வந்துவிடாது, முதல் இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். சுத்த சைவம் என்றால் கஷ்டம்தான், காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு இருக்கும்.

சிங்கப்பூரில் விசா வேலை ரொம்பக் குறைவு, திருச்சியிலிருந்தே நேர் விமானம், லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் இட்லி. குறை மூன்று. எக்ஸ்சேஞ்ச் மாணவர் வேலை பார்க்கக் கூடாது, வாடகையோ கொள்ளை. இன்னொன்று, கூடப் படிக்கிறவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடுவார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளோ விடிய விடியப் படிக்கிறவர்கள்.

பிறகு ஜெர்மனியிலேயே மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர் என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு ஜெர்மனிக்கே போங்கள். அங்குள்ள ஒரு பேராசிரியர் உங்களை நேரில் பார்த்திருப்பது வெறும் விண்ணப்பத்தைவிடப் பெரிது, அதற்காக ஒரு அரியர் விழுந்தாலும் சமாளிக்கலாம். மற்றவர்களுக்கு அரியரே இல்லாமல் திரும்பி வருவதுதான் முக்கியம். அதற்கு, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று சிலபஸை வைத்து ஒப்பிட்டு, ஹெச்ஓடியிடமும் தேர்வுப் பிரிவிலும் டிக்கெட் போடுவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். "போய்ட்டு வாப்பா, பாத்துக்கலாம்" என்பார்கள். நீங்கள் வரும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.