எட்டு வேகன், ஐந்தடிப் பலகை: ராயபுரத்து வீட்டில் நான்கரை ஆண்டு மாதிரி ரயில்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறை பத்தடிக்கு ஒன்பதடி. கட்டில், தையல் இயந்திரம், மகளின் படிப்பு மேசை ஆகியவை போகச் சுவரோரமாக மிஞ்சிய ஐந்தரை அடியில்தான் என் மாதிரி ரயில் நான்கரை ஆண்டுகளாக இருந்து வருகிறது. முதல் ஒன்றரை ஆண்டு நான் செய்ததெல்லாம் தலைகீழான வேலை. முதலில் வரைபடம் போட்டேன், பிறகு தண்டவாளம் வாங்கினேன், கடைசியில்தான் வண்டிகளைத் தேடினேன். இப்போது யாராவது கேட்டால், கைக்குக் கிடைக்கக்கூடிய வண்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்து அளந்த பிறகு பென்சிலைத் தொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வடசென்னையில் வளர்ந்தவனுக்கு முதலில் தோன்றுவது பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகள்தாம். 1955-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் நீலப் பெட்டிகள் ஆறு, முன்னால் ஒரு மின்சார லோகோ, சுற்றிவர ஒரு வட்டப் பாதை என்பதே என் முதல் வரைபடம். மாதிரி ரயில்களில் ஹெச்.ஓ. அளவு என்பது 1:87, அதாவது நிஜ வண்டியில் 87-இல் ஒரு பங்கு. உண்மையில் 21.3 மீட்டர் நீளமுள்ள பெட்டி அந்த அளவில் 24.5 சென்டிமீட்டர் ஆகிறது. ஆறு பெட்டிகளும் ஒரு டபிள்யூ.ஏ.பி.-7 லோகோவும் சேர்ந்தால் ஒன்றே முக்கால் மீட்டர் வரும். ஆயத்தமாகப் பரவலாகக் கிடைக்கும் வளைவுத் தண்டவாளங்களில் சிறியவற்றின் ஆரம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் என்பதால், ரயில் திரும்பி வரவே பலகையின் அகலம் 80 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். அதைப் போட்டால் அறைக் கதவு பாதிதான் திறக்கும். இடம் இருந்திருந்தாலும் பார்வைக்கு அது ஒத்துவந்திருக்காது. ஐ.சி.எஃப். பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள சக்கரத் தொகுதிகளான போகிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் 14.783 மீட்டர், 36 சென்டிமீட்டர் ஆரத்தில் அந்தப் பெட்டி திரும்பும்போது அதன் நடுப்பகுதி தண்டவாள மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே ஒதுங்கும். நிஜ அளவில் அது ஏறக்குறைய 87 சென்டிமீட்டர், அதாவது நடைமேடையில் நிற்பவர் மேல் பெட்டி ஏறுகிற கணக்கு.

இந்திய ரயிலை மாதிரியாக வைக்க நினைப்பவரை அடுத்து மறிப்பது பாதையின் அகலம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 1:87-இல் அது 19.3 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் உலகில் பல நாடுகளில் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதையை வைத்துச் செய்யப்பட்டது, அது 16.5 மில்லிமீட்டர்தான். அதன்மேல் நம் வண்டியை வைத்து எதிரே நின்று பார்த்தால், ஒல்லி முக்காலியில் பருத்த ஆளை உட்காரவைத்தது போல இருக்கும். 19.3-க்குத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் கையாலேயே செய்பவர்களும் உண்டு. அந்தப் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். எனக்கு அது கைவராது. பக்கவாட்டில் மட்டுமே பார்க்கும்படி பலகையைக் கண்மட்டத்திற்கு உயர்த்தி வைத்ததில் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

ஆகவே எக்ஸ்பிரஸைக் கைவிட்டு, யார்டில் வேகன்களை முன்பின் நகர்த்தி வரிசைப்படுத்தும் ஷன்டிங்குக்கு வந்தேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்ட ஊர் இது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பயணி ரயிலைவிடத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிகளே பழக்கம். பிரிட்டிஷ் மாடலர் ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நூக்’ என்ற ஏற்பாடு இதற்கு வெகுவாகப் பொருந்தியது. அதில் பாதையைப் பிரித்துவிடும் பாயிண்டுகள் இரண்டும், வண்டிகளை நிறுத்தும் பக்கப் பாதைகளான சைடிங்குகள் மூன்றும் மட்டுமே உண்டு. ஒரு சைடிங்கில் ஐந்து வேகன்களுக்கும் மற்ற இரண்டில் மும்மூன்றுக்கும் இடம் இருக்கும். லோகோ முன்பின் போகும் கழுத்துப் பாதையில் லோகோவோடு மூன்று வேகன்களுக்கு மட்டும் இடம். மொத்தம் எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 6720 வழிகள் இருப்பதால் இன்றுவரை எனக்கு ஒரே ரேக், அதாவது ஒரே வேகன் வரிசை, இருமுறை வந்ததாக நினைவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு சைடிங்கின் நீளத்தையும் வேகனின் நீளமே முடிவு செய்கிறது. நான் முதலில் கண்வைத்தது நீண்ட போகி வேகன்களை. ஒன்று 16 சென்டிமீட்டர் என்றால் ஐந்து வேகன் சைடிங்கே 80 சென்டிமீட்டர் ஆகி, பலகை ஐந்தரை அடியைத் தாண்டிவிடும். நான்கு சக்கர வேகன்களுக்கு மாறியதும் கணக்கு சுருங்கியது. கொக்கியோடு ஒன்பது சென்டிமீட்டர் என்றால் ஐந்துக்கு 45, மூன்றுக்கு 27, கழுத்துப் பாதைக்கு லோகோவின் 12 சேர்த்து 39, இரண்டு பாயிண்டுகளுக்கு 37. எல்லாம் ஐந்தடிப் பலகையில் தாராளமாக அடங்கின. என் யார்டை 1970-களின் காலத்து யார்டாக அமைத்ததும் இதனால்தான், ஏனென்றால் அப்போது நம் பாதைகளிலும் நான்கு சக்கர வேகன்கள் ஏராளமாக ஓடின.

வண்டிகளைச் சேர்த்த கதைதான் நீளமானது. மாதிரி ரயில்கள் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. அதனால் புதிதாக வரவழைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுப் பழையதைத் தேடினேன். பர்மிங்ஹாமில் இருக்கும் என் மைத்துனர் அங்கே நடக்கும் பழைய பொருள் சந்தைகளில் ஒரு வேகன் நான்கிலிருந்து எட்டு பவுண்டுக்குள் வாங்கி, ஊருக்கு வரும்போதெல்லாம் காலுறைக்குள் சுற்றி இரண்டிரண்டாகக் கொண்டு வந்தார். எட்டும் சேர இரண்டேகால் ஆண்டு ஆயிற்று.

இங்கே எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. பிரிட்டிஷ் மாதிரிகள் ஓ.ஓ. அளவு, அதாவது 1:76. ஆனால் ஓடுவது அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். ஹெச்.ஓ. லோகோவோடு இவற்றைச் சேர்க்கக் கூடாது என்பார்கள். எட்டடி அகலமுள்ள பிரிட்டிஷ் வேகன் 1:76-இல் 32 மில்லிமீட்டர் வருகிறது. அதை 1:87 என்று எடுத்துக்கொண்டால் 2.8 மீட்டர் ஆகிறது. அந்நாட்டு வண்டியாகப் பார்த்தால் தவறு, நம் அகலப்பாதை வண்டியின் பருமனுக்கோ அது நெருக்கம். இரும்புக் கடையில் வாங்கிய ரெட் ஆக்சைடு பிரைமரைத் தின்னரில் நன்றாகக் கரைத்து இரண்டு பூச்சு கொடுத்து, வெள்ளையில் எண்களை எழுதிய பிறகு, அவை வேறு நாட்டிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தவர் இதுவரை ஒருவர்தான்.

அந்த ஒருவர் தண்டையார்பேட்டை யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா. பிரேக் நெம்புகோல் இருக்கும் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

லோகோ வாங்குவதில் இரண்டு முறை ஏமாந்தேன், இரண்டும் என் அவசரத்தால். முதலாவது, ஏ.சி. மூன்று தண்டவாள முறைக்காகச் செய்யப்பட்ட ஜெர்மன் லோகோ. அதன் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இல்லாததால் இரண்டு தண்டவாள டி.சி. பாதையில் வைத்த நொடியே ஷார்ட் ஆயிற்று. விளம்பரப் படத்தில் மேற்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தேன். அடிப்பக்கப் படத்தைக் கேட்டு, நடுவில் நீளமான உலோகத் தகடு தொங்கினால் விலகிவிடுவது நல்லது. இரண்டாவது, மூர் மார்க்கெட் பக்கம் பழைய பொருள் கடையில் வாங்கிய, புதியவர்களுக்கான அமெரிக்க ரயில் செட். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது என்று படிக்காமலே சுவரில் செருகினேன். ஒரு புகை, அவ்வளவுதான். அந்தச் செட்டோடு வந்த எஃகுத் தண்டவாளமும் எங்கள் கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தது. கடலோரம் குடியிருப்பவர்கள் விலை கூடினாலும் நிக்கல் சில்வர் தண்டவாளத்தையே வாங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது ஓடுவது ஜெர்மன் வி-60 வகை டீசல் லோகோவின் பழைய மாதிரி. மூன்று அச்சு, பக்கத் தண்டு, ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம். சித்தரஞ்சனில் செய்யப்பட்ட நம் டபிள்யூ.டி.எஸ்.-4 ஷன்டரின் சாயல் அதற்கு உண்டு. குட்டை லோகோ என்பதால், பாயிண்டில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ‘ஃபிராக்’ பிளாஸ்டிக்கில் இருந்தவரை அதன்மேல் மெதுவாகப் போகும்போதெல்லாம் மின்சாரம் இழந்து நின்றுவிடும். விரலால் தள்ளித் தள்ளி அலுத்து, இரண்டு பாயிண்டுகளையும் உலோக ஃபிராக் உள்ளவையாக மாற்றினேன். ரிச்சி தெருவில் வாங்கிய சுவிட்சு ஒன்று பாயிண்டைத் திருப்பும்போதே ஃபிராக்கின் மின்முனையையும் மாற்றிக் கொடுக்கிறது. நான்கரை ஆண்டில் செய்த செலவுகளில் அதிகப் பலன் தந்தது அந்தச் சுவிட்சுதான். ஒரே லோகோ என்பதால், பல லோகோக்களைத் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறையான டி.சி.சி. தேவைப்படவில்லை, 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலரே போதுமானது.

வேகன்கள் தடம்புரண்டதற்குக் காரணம் எடைக்குறைவு. அமெரிக்க மாடலர் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.யின் பரிந்துரைப்படி, ஹெச்.ஓ. வண்டிக்கு ஒரு அவுன்ஸும், கொக்கி நீங்கலான நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் வேண்டும். என் வேகனுக்கு அது ஏறக்குறைய 70 கிராம். வாங்கியபோது இருந்தது அதில் பாதி. காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி வேகனுக்குள் ஒட்டினேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றிய பிறகு தண்டவாளத்தில் கறுப்புப் பிசுக்கு படிவதும் குறைந்தது. பழைய வேகன்கள் சிலவற்றில் கொக்கியைக் கழற்றி மாட்டும், என்.இ.எம். என்ற ஐரோப்பியத் தர அளவிலான பொந்து இல்லை. அவற்றுக்கு மட்டும் அடிப்பகுதியை அறுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

தண்டவாளத்துக்கு இடையில் ஜல்லிக்குப் பதில் கடற்கரை மணலைச் சலித்துப் போட்டது என் பெரிய பிழை. நம் கடற்கரை மணலில் காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் துகள்கள் உண்டு. மோட்டாரின் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ள, லோகோ மூன்றே வாரத்தில் கரகரக்கத் தொடங்கியது. உப்பும் சேர்ந்த அந்த மணலை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, எம்-சாண்டை நீரில் அலசி, காந்தத்தை மூன்று முறை ஓட்டிச் சுத்தம் செய்து, ஃபெவிகால் கரைத்த நீரால் ஒட்டினேன். பலகை 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். விளிம்புகளிலும் வார்னிஷ் பூசியதால் நான்கு மழைக்காலங்கள் கடந்தும் வளையவில்லை. சித்திரை வெயிலுக்கு இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டதும் பயன்பட்டது. வாரம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைக்கிறேன். இரண்டு வாரம் விட்டால் லோகோ தடுமாறுகிறது.

பெரியப்பா ஞாயிறுதோறும் வந்து சீட்டுப் போடுவார். நான் இருபது நிமிடம் திணறும் ரேக்கை அவர் பன்னிரண்டு நிமிடத்தில் கோத்துவிடுவார். “எட்டு வண்டிக்கு இம்மாம் நேரமாடா? பின்னாடி போறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுட்டுப் போ” என்பார். சென்ற பொங்கலுக்கு மைத்துனர் ஆசையாக ஒரு பெட்ரோல் டேங்கர் வேகனைக் கொண்டு வந்தார். மணலித் தடத்தில் பார்த்தது போலவே இருக்கிறது. பதினோரு சென்டிமீட்டர் நீளம் என்பதால் அதைச் சேர்த்தால் மூன்று வேகன் சைடிங்கில் பாயிண்ட் அடைபடுகிறது. பலகையை நீட்டலாமா என்று அளந்து பார்த்தேன். தையல் இயந்திரத்தை நகர்த்த வேண்டும் என்றானது. டேங்கர் இப்போது கண்ணாடி அலமாரியில், பெரியப்பாவின் பச்சைக் கைவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது.