ஏ.பி.சி. கட்டுவதா, சொந்த இதழை நடத்துவதா?

எங்கள் பீடத்தின் ஆராய்ச்சி நிதியை எதில் போடுவது என்று தீர்மானித்த குழுவில் நானும் இருந்தேன். கொழும்பில் உள்ள அரச பல்கலைக்கழகம். ஆகவே அது மக்களின் வரிப்பணம். கட்டுரைகளை எல்லோரும் இலவசமாக வாசிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த வழியில் என்பதில்தான் இழுபறி. வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு ஏ.பி.சி. எனப்படும் வெளியீட்டுக் கட்டணத்தைக் கட்டலாம். இல்லையென்றால் எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் காசு வாங்காத ஆய்விதழை நாங்களே நடத்தலாம். நான் இரண்டாவதன் பக்கம்.

ஏ.பி.சி.யின் நன்மை தெரிந்ததுதான்: பெயர் பெற்ற இதழ், பதவி உயர்வுக்குப் புள்ளி, எங்களுக்கு வேலை மிச்சம். ஆனால் பில் டொலரில் வரும். 2,000 டொலர் கட்டணம் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 4 லட்சம் ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் 7 லட்சத்தைத் தாண்டியது. கட்டணத்தில் கழிவு, அதாவது தள்ளுபடி, உண்டே என்பார்கள். பல பெரிய பதிப்பகங்கள் உலக வங்கியின் வருமானப் பட்டியலில் நாடு எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்துத்தான் கழிவு தருகின்றன, படி ஏறினால் கழிவு குறையும். இலங்கை 2019இல் அதில் ஒரு படி ஏறி, அடுத்த ஆண்டே இறங்கியது. இதை நம்பி எப்படி வரவுசெலவு போடுவது? சந்தாவும் வாங்கி ஏ.பி.சி.யும் வாங்கும் ஹைபிரிட் இதழ்களில் பெரும்பாலும் அந்தக் கழிவும் கிடையாது.

நூலகத்தின் டிஸ்பேஸ் எனும் இணையக் களஞ்சியத்தில் கட்டுரையின் பிரதியை ஏற்றுவது மலிவான மூன்றாவது வழி. அதை எப்படியும் செய்யத்தான் வேண்டும், விவாதிக்க ஒன்றுமில்லை.

சரி, சொந்த இதழுக்கு என்ன செலவு? ஆய்விதழ் நடத்த உதவும் ஓ.ஜே.எஸ். மென்பொருள் இலவசம். தேசிய விஞ்ஞான மன்றத்தின் இலங்கை ஆய்விதழ்களுக்கான இணையத்தளம் 2008 முதல் இருக்கிறது. கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பிடம் பெறலாம், அதற்கும் பெரிய செலவில்லை. அப்புறம் எதற்குக் காசு? ஒரு ஆளுக்கு. குழுவில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதை மட்டும்தான்.

பல்கலைக்கழக இதழ்கள் கட்டுரை இல்லாமல் நிற்பதைவிட ஆள் இல்லாமல் நிற்பதுதான் அதிகம். பதிப்பாசிரியர் சபாட்டிகல் எனும் நீண்ட ஆய்வு விடுப்பில் போவார், இரண்டு இதழ் தவறும், மூன்றாவதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். வேலையோ கண்ணுக்குத் தெரியாத வேலை. தமிழ்க் கட்டுரைகள் இன்னும் பாமினி எழுத்துருவில் வருகின்றன, அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு. அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் திரையில் அழகான தமிழ். தேடுபொறிக்கோ வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றினால் நடுவில் இருக்கும் ஆங்கில மேற்கோள்களும் சேர்ந்து தமிழாகிக் குழம்பிவிடும். ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் உசாத்துணைப் பட்டியல், கட்டுரையை மதிப்பிட ஒப்புக்கொண்டு பதில் போடாத மீளாய்வாளருக்கு நினைவூட்டல். இதையெல்லாம் கௌரவத்துக்காகச் செய்யும்படி ஒரு விரிவுரையாளரின் தலையில் கட்டினால் இரண்டு வருடம் தாங்கும். சம்பளத்துக்கு ஒருவர் இருந்தால் பதிப்பாசிரியர் மாறினாலும் இதழ் ஓடும். அந்தச் சம்பளம் ரூபாவில், உள்ளூரிலேயே. ஏ.பி.சி. கட்டினால் கிடைப்பது ஒரு கட்டுரை. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுபவருக்கு அந்த இதழ்களில் இடமும் இல்லை.

நான் சமூக விஞ்ஞானப் பக்கத்து ஆள். ஆய்வுகூடம் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டவரோடு சேர்ந்து எழுதுபவர்கள் விஷயத்தில் அடித்துப் பேச எனக்கு அனுபவம் போதாது. மருத்துவத்தில் 1887இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜேர்னல் இன்னும் வருகிறது என்பதைக் காட்டலாம். ஆனால் அதன் பின்னால் ஒரு சங்கமே இருக்கிறது. எங்கள் இதழும் இன்னும் ஒரு பதிப்பாசிரியர் மாற்றத்தைக் கூடக் காணவில்லை, சோதனை இனித்தான்.

கடைசியில் நிதியின் பெரும்பங்கு இதழ் உதவியாளரின் மூன்று வருட ஒப்பந்தத்துக்குப் போனது. மீதி, இளம் விரிவுரையாளர்களின் முதல் கட்டுரைக்கு ஏ.பி.சி.யாக. ஹைபிரிட் இதழுக்கு ஒரு சதமும் இல்லை.