எச்சரிக்கை: வாடகைக்கு எடுப்பதற்கு முன் படம் ஓடும் நேரத்தைப் பாருங்கள்

‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’ படத்தின் நீண்ட பதிப்பைத் தமிழில் பார்க்கலாம் என்று நம்பி இணையத்தில் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நான் 150 ரூபாய் கட்டி ஏமாந்தேன். தொகை சிறியதுதான். ஆனால் ஒரே படத்துக்காக நான் இரண்டாவது முறை ஏமாந்தது இது.

முதல் முறை 2016இல். அந்த ஆண்டு மார்ச் 25, பெரிய வெள்ளியன்று படம் வெளியானது. பெரிய வெள்ளியன்று சினிமாவுக்குப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால், மறுநாள் சனிக்கிழமை, பதினோரு வயது மகனையும் என் அண்ணனையும் அழைத்துக்கொண்டு ராயபுரத்தில் இருந்து நடந்தே தியேட்டருக்குப் போனேன். அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எனக்குக் காமிக்ஸ் பழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர்தான். சிவகாசியில் இருந்து வந்த தமிழ் காமிக்ஸ்களைப் பத்துப் பத்தாகச் சணல் கயிற்றில் கட்டி, கரையான் ஏறாதபடி வேப்பிலை போட்டு ஒரு டிரங்குப் பெட்டியில் இன்றுவரை வைத்திருக்கிறார்.

இடைவேளையில் மகன் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “அப்பா, பேட்மேன் யாரையும் சாவடிக்க மாட்டாருன்னு நீதானப்பா சொன்ன?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 1939இல் வந்த தொடக்கக் கதைகளில் அவர் துப்பாக்கி ஏந்தியது உண்மைதான். ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே, கண்ணெதிரே பெற்றோரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவன் துப்பாக்கியைத் தொடமாட்டான், உயிரை எடுக்கமாட்டான் என்பது அந்தப் பாத்திரத்தின் முதுகெலும்பாகிவிட்டது. இந்தப் படம் பேட்மேனின் கனத்த கவசத்தையும், சூப்பர்மேனோடு அவர் மோதும் சண்டையையும் ஃபிராங்க் மில்லர் 1986இல் எழுதி வரைந்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ தொடரில் இருந்து எடுத்திருக்கிறது. அதே தொடரில், தன்னைப் பின்பற்ற வந்த முரட்டு இளைஞர்களுக்கு முன்னால், இது எதிரியின் ஆயுதம் என்று சொல்லி பேட்மேன் ஒரு துப்பாக்கியை ஒடித்துப் போடுவார். கவசத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதை விட்டுவிட்டார்கள். படத்தில் அவருடைய காரிலும் விமானத்திலும் இயந்திரத் துப்பாக்கிகள் இருக்கின்றன, எதிரிகள் கொத்தாகச் சாகிறார்கள், அதைப் பற்றி அவர் ஒரு கணம்கூட வருந்துவதில்லை.

சூப்பர்மேன் பகுதியிலும் ஏமாற்றமே. 1992இல் உலகம் முழுவதும் வாசகர்களைக் கலங்க வைத்த சூப்பர்மேனின் மரணக் கதையைக் கடைசி அரை மணி நேரத்தில் திணித்துவிட்டார்கள். அந்தக் கதையின் அரக்கனான டூம்ஸ்டேயையோ முந்தைய டிசம்பரில் வந்த ட்ரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள். போதாததற்குக் கதையே புரியவில்லை. ஆப்பிரிக்கக் கிராமத்தில் கூலிப்படையினர் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதற்கு ஏன் சூப்பர்மேன் மீது பழி விழுகிறது? சக்கர நாற்காலியில் வெடிகுண்டு இருப்பது, சுவரையும் ஊடுருவிப் பார்க்கும் அவர் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? அண்ணன் வீடு திரும்பும் வரை இவற்றைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

நாங்கள் பார்த்தது 151 நிமிடப் படம். அதே ஆண்டு ஜூலையில் 182 நிமிடம் ஓடும் நீண்ட பதிப்பு ப்ளூ-ரே வட்டாக வெளியானபோதுதான் காரணம் தெரிந்தது. கிராமத்துப் பிணங்களை எரித்துச் சூப்பர்மேன் செய்ததுபோல் காட்டியதும், அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன பெண் ஏவிவிடப்பட்டவள் என்பதும், சக்கர நாற்காலியில் ஈயம் பொருத்தப்பட்டிருந்ததால்தான் அவர் பார்வை உள்ளே போகவில்லை என்பதும் அந்தப் பதிப்பில்தான் தெளிவாகின்றன. கதைக்கு உயிரான இந்தப் பகுதிகளை வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தியேட்டரில் முழு விலைக்கு விற்றிருக்கிறார்கள். அடுத்து வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 2017இல் இரண்டு மணி நேரப் படமாக வந்தது, 2021இல் 242 நிமிடப் படமாக மறுபடி வந்தது.

இப்போது போன மாதக் கதைக்கு வருகிறேன். அண்ணனுக்கு ஆங்கிலம் ஓடாது. நீண்ட பதிப்பு தமிழ் ஒலியோடு இருப்பதாக ஒரு இணையதளத்தில் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, மகனையும் உட்கார வைத்து, பணம் கட்டிப் படத்தைப் போட்டேன். முகப்புப் படத்தில் நீண்ட பதிப்பு என்றே எழுதியிருந்தது. ஓட ஆரம்பித்ததோ ஆங்கிலத்தில். ஒலித் தேர்வில் தமிழே இல்லை. சரி, நானே சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று தொடர்ந்தோம். ஆப்பிரிக்கக் கிராமக் காட்சி முடிந்தும் பிணங்களை எரிக்கும் பகுதி வராததால் சந்தேகப்பட்டு, திரையின் கீழே இருந்த நேரக் கணக்கைப் பார்த்தேன். மொத்தம் 2 மணி 31 நிமிடம். “இன்னாடா, அன்னிக்குப் பார்த்த அதே படம்தானா?” என்றார் அண்ணன்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஒருமுறை படத்தை ஓடவிட்டுவிட்டால் வாடகை திரும்பக் கிடைக்காது என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. முகப்பில் எழுதியிருந்ததற்கும் உள்ளே கொடுத்ததற்கும் சம்பந்தம் இல்லையே என்று மூன்று முறை கேட்டும் அதே வாசகத்தையே ஒட்டி அனுப்பினார்கள். ஆகவே, படத்தின் விவரப் பக்கத்தில் 3 மணி 2 நிமிடம் என்று இருந்தால் மட்டுமே அது நீண்ட பதிப்பு. 2 மணி 31 நிமிடம் என்று இருந்தால், முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது தியேட்டரில் வந்ததுதான். தமிழ் ஒலி உண்டா என்பதையும், பொதுவான விளம்பரத்தில் அல்லாமல், அந்தப் பதிப்பின் பக்கத்திலேயே பாருங்கள். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காததால் என் புகாருக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று. சிறு பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: நீண்ட பதிப்பில் வன்முறை கூடுதல். அமெரிக்காவில் அதற்குக் கடுமையான தணிக்கைச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு நண்பர் ஒருவரிடம் வட்டை இரவல் வாங்கி, காட்சிக்குக் காட்சி நிறுத்தித் தமிழில் சொல்லி அண்ணனுக்குக் காட்டினேன். சூப்பர்மேன் பகுதி இப்போது புரிகிறது, அதற்கு நியாயமும் கிடைத்திருக்கிறது. பேட்மேனோ அந்த 182 நிமிடங்களிலும் கொன்றுகொண்டேதான் இருக்கிறார். பாதியிலேயே அண்ணன் எழுந்து போய்விட்டார்.