டெனான் எக்ஸ்1800எச்: வேலூர் சத்துவாச்சாரி ஹாலில் நாலாபக்கமும் பாட்டு

படம் பார்க்க ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) வாங்குவது வேறு, ஆல்பம் கேட்க வாங்குவது வேறு. படத்தில் பின்பக்க ஸ்பீக்கருக்கு மழை, இடி, கூட்டச் சத்தம்தான் வேலை. 5.1-இல் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலியான பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) கலந்த ஆல்பத்தில் கிடாரும் கோரஸும் முழுக் கனத்தோடு முதுகுக்குப் பின்னாலிருந்தே வரும். அதனால் கையடக்கச் சின்ன ஸ்பீக்கர்களைப் பின்னால் மாட்டினால் படம் தேறிவிடும், பாட்டு தேறாது. முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு என ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்கட்டும். பட்ஜெட்டில் முதல் பங்கு இதற்கே.

அந்த ஐந்தையும் ஓட்ட டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் தாராளமாகப் போதும். ஏழு சேனல், சேனலுக்கு 80 வாட். இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்த கணக்கு இது. ஐந்தும் சேர்ந்து பாடினால் குறையும். சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அந்தக் குறை காதுக்குத் தெரியாது.

காதுக்குத் தெரிவது ஹாலின் குணம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். பேஸ் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். 12 அடி நீளத்துக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் அறை தானாகவே முழங்கும். பேஸ் கிடாரின் அடித் தந்தியில் மூன்றாவது கட்டை அழுத்தினால் 49 ஹெர்ட்ஸ்; அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கி நிற்க, பக்கத்துச் சுரங்கள் மெலிந்து போகும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் இது இன்னும் மோசமாகும். சரியான இடம் கண்டுபிடிக்கப் பழைய வழியே போதும்: சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்துக்கு அதை மாற்றுங்கள்.

ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று அதிர்ந்து அடங்கினால் தரைக்குக் கனமான கார்ப்பெட்டும் ஜன்னலுக்கு மடிப்பு வைத்த தடித்த திரையும் வேண்டும். கோரைப்பாய் விரித்துப் பயனில்லை, மெல்லிசாக இருப்பதால் மேல் சுருதியைக்கூட முழுதாக உறிஞ்சாது. பின் மூலையில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் எதிரொலி நன்றாகவே அடங்கும்.

சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போடும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மூன்றடி முன்னால் இழுக்காவிட்டால் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு இடமே இருக்காது. உட்காரும் இடத்திலிருந்து முன் ஸ்பீக்கர்கள் ஏழடி தள்ளி இருந்தால், அவற்றுக்கு இடையிலும் ஏழடி விடுங்கள். 30 டிகிரி தானாக வந்துவிடும். பின் ஸ்பீக்கர் பக்கவாட்டில் நாலடி தள்ளி என்றால், காதுக்கு நேரிலிருந்து ஒன்றரை அடி பின்னால் போகட்டும். அது 110 டிகிரி. உயரம் காது மட்டம்.

ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர், இரட்டை இழை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் பேஸ் செத்துவிடும், பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. சந்தேகம் வந்தால் ரிசீவர் பக்க முனையைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது.

கூடவே வரும் மைக்கை வைத்து ஆடிசி (அறைக்கேற்ப ஒலியைத் தானாகச் சரிசெய்யும் வசதி) அளவீட்டை எட்டு இடத்திலும் எடுங்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். முடிந்ததும் மெனுவுக்குள் போய் இரண்டு திருத்தம் கட்டாயம். எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ ஆக்கி கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்; அதற்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடும். அடுத்தது டைனமிக் ஈக்யூ. சத்தம் குறைவாக வைக்கும்போது இது பின்பக்கத்தை உயர்த்திக் கொடுக்கும். படத்துக்கு அது சுகம். ஆல்பத்திலோ, பின்னால் ஏற்கெனவே சரியான அளவில் கலந்து வைத்த கோரஸ் பாடகரை அமுக்கிவிடும். இந்த ரிசீவர் பாட்டுக்கு லாயக்கில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் இதை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆப்பிள் மியூசிக்கில் 2021-லிருந்து டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) பாடல்கள் கிடைக்கின்றன. ஆப்பிள் டிவி 4கே பெட்டியை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ-யில் செருகுங்கள், டிவி வழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டாம். டிஸ்ப்ளேயில் ‘டால்பி அட்மாஸ்’ என்று வராவிட்டால் கேட்பது வெறும் ஸ்டீரியோவாக இருக்கலாம். அட்மாஸ் இசைக்கு ஒலியளவு வரம்பு மைனஸ் 18 எல்கேஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அளவுகோல்) என்பதால் ஸ்டீரியோவைவிடச் சத்தம் குறைவாகத்தான் இருக்கும்; வால்யூமைக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ போல 2019-இல் ப்ளூரேயிலும் அட்மாஸாக வந்த ஆல்பம் என்றால் டிஸ்க்கே மேல். டிஸ்க்கில் இழப்பில்லாத ஒலி, ஸ்ட்ரீமிங்கில் சுருக்கிய ஒலி.

இனி நம்ம ஊர் சங்கதி. அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ரிசீவரைக் கண்ணாடி ஷோகேஸுக்குள் அடைப்பது பாவம். மேலே அரையடி காலி இடம் விடுங்கள், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்காதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் உறுமல் வரும், சைன் வேவ் வேண்டும். கரண்ட் இருக்கும்போதும் உறுமினால் கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் ரிசீவரில் இல்லை, அந்த ஒயர் வழியாக வரும் இரண்டாவது எர்த்தில்.

மீதமுள்ள இரண்டு சேனலில் கூரை ஸ்பீக்கர் மாட்டலாம். பத்தடி கான்கிரீட் கூரையில், தலைக்கு ஓரடி முன்னால், ஃபேன் இறக்கைக்கு எட்டாத தூரத்தில் பிராக்கெட் போட்டுச் சின்ன ஸ்பீக்கர் தொங்கவிட்டால் நன்றாக இருக்கும். மேல்நோக்கி ஒலியைச் சுட்டுக் கூரையில் மோதவிடும் வகை, நடு ஃபேன் உள்ள ஹாலுக்கு ஒத்துவராது. கோட்டைப் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரங்கள் அந்த ஒலியைச் சிதறடித்துவிடும். அங்கே 5.1-ஓடு நிறுத்திவிட்டு, மிச்சக் காசைப் பின்பக்க ஸ்பீக்கரில் போடுங்கள்.