சீட்டா, இயந்திரமா, இரண்டுமா?

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டு புத்தகம்போல அச்சாகி வந்தது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வேண்டாம், பழையபடி சீட்டுக்கே போவோம் என்பவர்களுக்கு நான் முதலில் நினைவூட்டுவது இதைத்தான். செல்லாத ஓட்டு, பூத்தைப் பிடித்துக் கட்டுக்கட்டாகக் குத்திப் போடுவது, விடிய விடிய எண்ணுவது என்று சீட்டின் வண்டவாளம் ஏராளம். ஆனாலும் தோற்றவர் கேட்டால் மறுபடி எண்ண அதில் ஏதோ இருக்கும். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. வழக்கின் மையத்தில் இருந்தவை, தள்ளுபடியான 203 தபால் ஓட்டுகள். 2019இல் உயர் நீதிமன்றம் அவற்றை எண்ணச் சொன்னது. காகிதம் கைவசம் இருந்ததால் எண்ணவும் முடிந்தது.

வெறும் இயந்திரத்தில் அது நடக்காது. முடிவைக் காட்டும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் வரும். மற்றபடி நம் இயந்திரத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இணையத் தொடர்பு கிடையாது. நிமிடத்துக்கு நான்கு ஓட்டுக்கு மேல் பதியாது என்பதால் பூத்தைப் பிடித்தவருக்கும் அவசரத்துக்கு உதவாது. எங்கிருந்தோ செல்போனில் மாற்றிவிட்டார்கள் என்பது டீக்கடைக் கதை. ஆனால் இயந்திரம் கையில் கிடைத்தால் உள்பாகத்தை மாற்றி முடிவைத் திருத்தலாம் என்று 2010இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரக்கு முத்திரையும் ஸ்ட்ராங் ரூம் காவலும் இருக்கின்றனவே என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். அப்படியானால் நாம் நம்புவது காவலைத்தான்.

ஜெர்மனியில் முறைகேடு எதுவும் நிரூபணமாகவில்லை. இருந்தும் 2009இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், 2005 தேர்தலில் பயன்பட்ட நெடாப் நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்களை ஏற்க மறுத்தது. தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் வாதம். எனக்கு இது சரியான அளவுகோலாகப் படுகிறது.

அந்த அளவுகோலுக்கு நெருங்கி வருவது விவிபேட். யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று அச்சாகி, கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து பெட்டியில் விழும் ஒப்புகைச் சீட்டு. 2013இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதால் இது நடைமுறைக்கு வந்தது. 2019 முதல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத்துகளின் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ணக் கோரிய மனுக்கள் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின.

ஐந்து போதுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தொகுதியில் பத்தில் ஒரு பூத்தில் கைவைத்திருந்தால், குலுக்கலில் எடுக்கும் ஐந்தில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு சுமார் 41 சதவீதம். நூறு தொகுதிகளில் இப்படிச் செய்துவிட்டு எங்குமே சிக்காமல் தப்புவது நடக்காத காரியம். ஆக, ஆட்சியையே திருடும் சதிக்கு ஐந்து போதும். நூலிழையில் முடியும் ஒற்றைத் தொகுதிக்குப் போதாது.

அமெரிக்காவின் கொலராடோவில் 2017 முதல், வித்தியாசம் குறையக் குறையச் சரிபார்க்கும் சீட்டுகளைக் கூட்டுகிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். இங்கே ஐயாயிரத்தில் ஜெயித்தாலும் ஐந்தில் ஜெயித்தாலும் அதே ஐந்து பூத். அதற்கு மேல் எண்ண வேண்டுமென்றால் வேட்பாளர் எழுதிக் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில்.