ஆய்வுப் பல்கலைக்கழகமா, கற்பிக்கும் கல்லூரியா?

பிஎச்.டி. முடித்துவிட்டு ஆசிரியர் வேலை தேடுகிறவர்கள் சம்பளத்தையும் நிறுவனத்தின் பெயரையும்தான் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து ஒருவர் சந்தோஷமாக இருக்கிறாரா, சலித்துப்போய்விட்டாரா என்பதை அதிகம் தீர்மானிப்பது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர் கையில் இருக்கிறது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை வைத்தே இரண்டையும் பார்க்கலாம்.

ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு குறைவு. செமஸ்டருக்கு ஒன்றோ இரண்டோ பாடம் எடுத்தால் போதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சொகுசாகத் தெரியும். மீதி நேரம் எங்கே போகிறது? அறிவியல் துறையில் ஒரு நிதி விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி எதற்கு, எந்த மாணவர் எத்தனை மாதம் வேலை செய்வார், மூன்றாம் வருஷ முடிவில் என்ன கிடைக்கும் என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை போட வேண்டும். பதில் வர மாதக்கணக்காகும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். உடனே அடுத்த விண்ணப்பம். சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வராத மாணவராக இருந்தவர், பேராசிரியரானதும் அதற்குள் போவதே அபூர்வமாகிவிடுகிறது. ஆய்வு செய்யும் ஆசையில் வந்தவர் ஆய்வை நிர்வகிப்பவராகிவிடுகிறார். இதை வேலையில் சேருமுன் யாரும் சொல்வதில்லை.

இதற்கு மேல் எண்ணிக்கைக் கணக்கு. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-குறியீடு எளிமையானது: உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20. எளிமையாக இருப்பதாலேயே தேர்வுக் குழுக்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. கட்டுரை வந்த இதழின் தாக்கக் காரணியை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று, ஆய்வை மதிப்பிடுவது பற்றி 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை கேட்டுக்கொண்டது. அப்படி எடைபோடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இங்கே இருக்கிறார்கள்? உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்கு முதலில் தெரியவரும் நாள் ஒன்று இருக்கிறது. அதற்கு ஈடு கிடையாது. அது எப்போதாவதுதான் வரும், அவ்வளவுதான்.

கற்பிக்கும் கல்லூரியில் தலைகீழ். ஒரே நாளில் மூன்று நான்கு வகுப்பு, தொண்டை கட்டிக்கொள்ளும், விடைத்தாள் கட்டு மேஜையில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கட்டைத் திருத்தும்போது ஒன்று நடக்கும். முப்பதாவது தாளிலும் அதே வரியில் அதே தப்பு வந்தால், கோளாறு மாணவர்களிடம் இல்லை, அந்த இடத்தைப் பலகையில் விளக்கிய விதத்தில்தான் என்று புரிந்துவிடும். அடுத்த தடவை உதாரணத்தை மாற்றினால் அந்தத் தப்பு குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். உழைப்புக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும் வேலைகள் குறைவு.

குறை என்னவென்றால், சொந்தப் படிப்பு மெல்ல வறண்டுபோகும். விடுமுறையைப் பாடத்திட்ட மாற்றமும் தேர்வு வேலையும் தின்றுவிடும். கற்பித்தலும் புலமையில் ஒரு வகைதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-லேயே வாதாடினார். பதவி உயர்வு என்று வந்தால் இங்கேயும் பல இடங்களில் கட்டுரையைத்தான் கேட்கிறார்கள். அதை எழுத நேரம் மட்டும் தருவதில்லை. இது அநியாயம்.

மூன்றாவதாக ஒப்பந்த வேலை. இதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் உலகெங்கும் நிறைய பேர் இதில்தான் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு வருஷம், பின் ஆறு வருஷம் வரை ஆய்வாளர்களைத் தற்காலிகமாக வைத்திருக்க இடம் கொடுத்தது. 2021-இல் இளம் ஆய்வாளர்கள் ‘நான்தான் ஹன்னா’ என்று இணையத்தில் குரல் எழுப்பியது இதை எதிர்த்துத்தான்; ஹன்னா என்பது அந்தச் சட்டத்தை விளக்க அரசு வெளியிட்ட காணொளியில் வரும் கற்பனை ஆய்வாளர். வகுப்பில் அதே பாடம், அதே உழைப்பு. அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத திரிசங்கு நிலை.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னது இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்துகிறது: திருப்தி தருபவை வேறு, அதிருப்தி தருபவை வேறு. திருப்தி வேலைக்குள்ளிருந்து வருகிறது; அதிருப்தி சம்பளம், நிர்வாகம், பணிப் பாதுகாப்பு போன்றவற்றிலிருந்து வருகிறது. அதனால்தான் “பாடம் நடத்தப் பிடிக்கிறது, வேலைதான் பிடிக்கவில்லை” என்று ஒப்பந்த ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. கற்பிக்கும் ஆசையைக் காட்டியே அவரை வருஷக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

சரி, எதை எடுப்பது? பத்துப் பேரை வைத்து ஒரு குழுவை நடத்தவும் வருஷக்கணக்கில் காத்திருக்கவும் உங்களால் முடியும் என்றால் ஆய்வுப் பல்கலைக்கழகம். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது களைப்பைவிடத் தெம்பு அதிகமாக இருக்கும் என்றால் கல்லூரிதான். நிரந்தரப் பணியாக இருந்தால் தயங்கவே வேண்டாம். இரண்டில் எதற்கு நேர்காணலுக்குப் போனாலும், அங்கே ஐந்தாறு வருஷமாக இருக்கும் ஒருவரைத் தனியாகப் பிடித்து, போன வாரம் புதன்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தார் என்று மணிவாரியாகக் கேளுங்கள். துறைத் தலைவரிடம் கேட்க வேண்டாம்.