ஹைப்பர்வைசரில் 16 ஜிபி, டூலில் 8 ஜிபி

சேலம் ஐந்து ரோடு பக்கம் எங்கள் சர்வர் அறை. ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகத்தில் தனியாக ஒரு சர்வர். இரண்டு இடத்து விஎம்களையும் (ஒரு சர்வருக்குள் தனித்தனிக் கணினி போல ஓடுகிற மெய்நிகர் கணினிகள்) ஒரே திரையில் பார்க்க ஒரு கிளவுட் மேனேஜ்மென்ட் டூலைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். புது விஎம் உருவாக்குவதற்கும் துறைவாரியாகச் செலவுக் கணக்கு எடுப்பதற்கும் அது அருமையான டூல். ஆனால் கீழே ஹைப்பர்வைசரில், அதாவது சர்வரில் விஎம்களை ஓட்டுகிற மென்பொருளில், செய்கிற மாற்றம் பல நேரம் டூலுக்கு வந்து சேருவதில்லை.

சேலத்து விஎம்வேர் ஹைப்பர்வைசரை நிர்வகிக்கிற விசென்டரில் நேராகப் போய் ஒரு விஎம்முக்கு ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்குவோம். டூல் 8 என்றே காட்டும். காட்டினால் காட்டட்டும் என்று விட முடியாது. மாதச் செலவு அறிக்கை தப்பாகிறது. இடம் இருப்பதாக நம்பி டூல் அதே ஹோஸ்டில் (விஎம்கள் ஓடுகிற சர்வரில்) இன்னொரு விஎம்மை ஏற்றுகிறது. இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: டூலில் 8 என்று பார்த்தவர் அதைக் கூட்டுவதாக நினைத்து 12 என்று கொடுத்தால், உண்மையில் 16-ஐக் குறைக்கிறார். சர்வர் அமைப்பைக் கோப்பில் எழுதி வைத்து உருவாக்குகிற டெராஃபார்மிலும் கையால் செய்த மாற்றத்தை அடுத்த அப்ளை கட்டளை பழையபடி ஆக்கிவிடும்தான். ஆனால் அது பிளான் என்கிற முன்னோட்டத்தில் வித்தியாசத்தை முன்னாடியே காட்டிவிடும். எங்கள் டூல் அப்படிக் காட்டுவதில்லை. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

காரணம் எப்போதும் ஒன்றாக இருக்காது. டூல் குறிப்பிட்ட இடைவெளியில்தான் தகவல் எடுக்கிறது என்றால் காத்திருந்தால் போதும். டூல் உள்ளே நுழையப் பயன்படுத்துகிற சர்வீஸ் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு மாறியிருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் வராது. கடைசியாக எடுத்த தகவலே திரையில் நிற்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது ரேம் அளவை அல்ல, கடைசியாகத் தகவல் எடுத்த நேரத்தைத்தான். அப்புறம் அடையாளச் சிக்கல். விசென்டர் ஒவ்வொரு விஎம்முக்கும் ஓர் உள் எண் தரும். விஎம்மை விசென்டரின் பட்டியலான இன்வென்டரியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பதிவு செய்தால் அந்த எண் மாறிவிடும். அதை மட்டும் நம்புகிற டூலுக்குப் பழைய விஎம் காணாமல் போனது, புதியது யாரோ. விஎம்மோடு கூடவே வருகிற தனி அடையாளமான இன்ஸ்டன்ஸ் யுயுஐடியையும் சேர்த்துப் பார்க்கிற டூலுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு.

ஏற்காட்டில் இருப்பது லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம். அங்கே கதை வேறு. "அண்ணா, நான் ரேமை ஏத்திட்டேன், டூல்லதான் வரல" என்று அந்தச் சர்வரைப் பார்க்கிற தம்பி போன் பண்ணுவார். பல நேரம் டூல் சொல்வதே சரியாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை, கேவிஎம்மை நிர்வகிக்கிற கட்டளைக் கருவியான விர்ஷின் எடிட்டில் மாற்றினால், சேமித்து வைத்த வரையறைதான் மாறும். விஎம்முக்குள்ளே ரீபூட் கொடுத்தாலும் பலன் இல்லை. முழுவதுமாக நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புது அளவு வரும். விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் கட்டளையைச் சும்மா ஒரு முறையும் (ஓடுகிற அளவு), இன்ஆக்டிவ் சேர்த்து ஒரு முறையும் (சேமித்த அளவு) கொடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மலையில் இடி மழைக்குக் கரண்ட் போவதும் நெட் லைன் அறுவதும் சகஜம். லைன் இல்லாமல் சர்வர் எழுந்தால் என்டிபி (நெட் வழியாகச் சரியான நேரம் தரும் சேவை) கிடைக்காது, கடிகாரம் பின்தங்கியே ஓடலாம். எங்கள் டூலோ, போன முறைக்குப் பின் நடந்தது என்ன என்று நேரத்தை வைத்துக் கேட்கிறது. பின்தங்கிய நேரத்தோடு பதிவான மாற்றம் அந்தக் கேள்விக்குள் வராது, சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். இப்போது லைன் வந்ததும் க்ரோனி மென்பொருள் நேரத்தைச் சரிசெய்ததா என்று பார்த்துவிட்டு, முழு இன்வென்டரியையும் மறுபடி படிக்க வைக்கிறோம். நேரம் பிடிக்கும், ஆனால் நம்பலாம். முடிந்தவரை எல்லா மாற்றத்தையும் டூல் வழியாகவே செய்வது என்றும் பழகிவிட்டோம்.

இப்படி ஒரு டூல் வாங்குகிறவர்கள் டெமோவிலேயே மூன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: கீழே ரேமை மாற்றுவது, ஒரு விஎம்மை எடுத்துவிட்டு மறுபடி பதிவது, சர்வீஸ் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு டூல் எச்சரிக்கிறதா என்று பார்ப்பது. உரிமம் புதுப்பிக்கும் முன் நாங்களும் இதைத்தான் கேட்கப் போகிறோம்.